ஹாலோ பாடி எலக்ட்ரிக் கிட்டார்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

ஹாலோ பாடி கிட்டாரின் அழகும் தொல்லையும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. உள்ளே வெறும் காற்று; மேலே கம்பியோடு சேர்ந்து அசையும் மெல்லிய பலகை. கம்பியை மீட்டியதும் அதன் சக்தியில் ஒரு பங்கைப் பலகை வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் ஸ்வரம் சட்டென்று எழுந்து, உருண்டு, சீக்கிரம் அடங்குகிறது. அதே பலகை ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் சத்தத்துக்கும் அசையும். அப்போதுதான் ஊளை. இந்த இரண்டையும் பிரித்தெடுக்க முடியாது. ஊளையை அடக்கச் செய்யும் ஒவ்வொரு வேலையும் அந்த உருண்ட ஒலியில் கொஞ்சத்தைக் கொண்டுபோகும். எவ்வளவு போனால் பரவாயில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால், எந்தக் கிட்டார் வாங்குவது என்பதில் பாதி தீர்ந்துவிடும்.

கடைகளில் ஹாலோ பாடி என்ற பெயரில் வெவ்வேறு குணமுள்ள கருவிகள் தொங்குகின்றன. தடித்த, முழுக்க உள்ளீடற்ற ஆர்ச்டாப், அதாவது மேல்பலகை வில்லாக வளைந்தது, ஒரு வகை. கிப்சன் 1936இல் வெளியிட்ட இஎஸ்-150 இதில் முன்னோடி. செதுக்கிய திட மரப் பலகையில், கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப் ஒன்றைப் பொருத்திய அந்தக் கிட்டாரைக் கொண்டுதான் சார்லி கிறிஸ்டியன் ஜாஸ் மேடையில் ஊதுகருவிகளுக்குச் சமமாகத் தனி வாசித்தார். 1949இல் வந்த இஎஸ்-175இல் கிப்சன் வேறு கணக்குப் போட்டது. திட மரத்துக்குப் பதிலாக, அச்சில் அழுத்தி வளைத்த ப்ளைவுட். அகலம் 16¼ அங்குலம், ஸ்கேல், அதாவது கம்பியின் ஒலிக்கும் நீளம், 24¾ அங்குலம். செதுக்கும் வேலை மிச்சம், விலையும் குறைவு. கூடவே இன்னொரு நன்மை: ப்ளைவுட் விறைப்பானது, குறைவாக அசைகிறது, ஊளையும் சற்றுத் தாமதமாகத்தான் வருகிறது. ஆம்ப் இல்லாமல் வாசித்தால் மந்தமாகத்தான் இருக்கும். ஆனால் ஜோ பாஸ், ஜிம் ஹால் இசைத்தட்டுகளில் நாம் கேட்டுப் பழகிய ‘ஜாஸ் கிட்டார்’ ஒலியில் பெரும்பகுதி இந்தப் ப்ளைவுட் கிட்டாரின் ஒலி. ப்ளைவுட் என்றதும் முகம் சுளிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஆம்பில் செருகி வாசிக்கவே வாங்குகிறீர்கள் என்றால், செதுக்கிய திடப் பலகைக்கு மூன்று நான்கு மடங்கு பணம் கொடுக்கக் காரணம் கிடையாது.

மெல்லிய உடல் கொண்ட, ஆனால் உள்ளே முழுக்கக் காற்றான வகை இன்னொன்று. 1959இன் கிப்சன் இஎஸ்-330, 1961இன் எபிஃபோன் கசினோ இரண்டும் இதைச் சேர்ந்தவை. பீட்டில்ஸ் இசைக்குழுவில் மூவர் கசினோ வைத்திருந்தார்கள். பார்ப்பதற்கு இஎஸ்-335 மாதிரியே இருக்கும்; ஆனால் 1958இல் வந்த இஎஸ்-335க்குள் நடுவே கழுத்திலிருந்து வால் வரை ஒரு கனமான மரக்கட்டை ஓடுகிறது. அதுதான் செமி ஹாலோ. இந்தக் கட்டையை மறந்துவிட்டு, போட்டோவை மட்டும் பார்த்து வாங்கி ஏமாறுபவர்கள் ஏராளம். கசினோவை டிஸ்டார்ஷன் பெடலோடு சத்தமான பேண்டில் வாசிக்கப் பார்த்தால் முதல் பாட்டிலேயே ஊளையிடும். 335 தாங்கும். சந்தேகம் இருந்தால் மேல்பலகையில் எஃப் வடிவில் வெட்டிய துளை (எஃப் துளை) வழியே போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். ஒரு துளையில் அடித்த வெளிச்சம் மறு துளைப் பக்கம் தாராளமாகத் தெரிந்தால் ஹாலோ. நடுவில் சுவர் மாதிரி மரம் மறித்தால் செமி ஹாலோ.

இரண்டுக்கும் நடுவில் கிரெட்ச் நிற்கிறது. 6120 போன்ற மாடல்களில் 1950களின் கடைசியில் ட்ரெசில் பிரேசிங் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். பாலத்தின் தூண்கள் போலச் சில மரத்துண்டுகள் மேல்பலகையையும் பின்பலகையையும் பிக்கப்புக்கு அடியில் இணைக்கும். காற்று இருக்கும், ஆனால் பலகை கட்டுக்குள் இருக்கும். ராக்கபில்லி வாசிப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கட்டமைப்பு கிடையாது. இன்றைய எலக்ட்ரோமேட்டிக் வரிசையின் ஜி5420டி இதே வழியில் செய்யப்படுவது. ஃபில்டர்ட்ரான் வகைப் பிக்கப்புகளும், கம்பிகளை ஆட்டி ஸ்வரத்தை நடுங்க வைக்கும் பிக்ஸ்பி கைப்பிடியும் சேர்ந்தே வருகின்றன.

ஜாஸுக்கென்று முதல் கிட்டார் தேடுபவர்களுக்கு என் பரிந்துரை ஐபனீஸ் ஆர்ட்கோர் வரிசையின் ஏஎஃப்75. ப்ளைவுட் உடல், இரண்டு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), முழு ஹாலோ. அதே வரிசையில் ஏஎஸ்73 செமி ஹாலோ. எழுத்து ஒன்று மாறினால் கருவியே வேறு, ஆர்டர் செய்யும்போது கவனம். பிக்கப்பும் குமிழ்களும் மேல்பலகையைத் தொடாமல், கழுத்தின் நுனியிலோ பிக்கார்டிலோ (பலகையைக் கீறலிலிருந்து காக்கும் தகடு) தொங்கும் ‘ஃப்ளோட்டிங்’ வகைகளும் உண்டு. பலகைக்கு முழுச் சுதந்திரம், ஊளைக்கும் முழுச் சுதந்திரம். அமைதியான அறையில் வாசிப்பவர்களுக்கு மட்டும் அது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் முதலிடம் பிரிட்ஜின், அதாவது பலகையின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாலத்தின், உயரத்துக்கு. பிரிட்ஜின் இரண்டு பக்கமும் வட்டமான திருகுச் சக்கரங்கள் இருக்கும். ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம்) சரியாக இருக்கும் நிலையில் அந்தச் சக்கரங்களுக்குக் கீழே இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டராவது இறங்க இடம் இருக்க வேண்டும். சக்கரம் அடிமட்டத்தைத் தொட்டும் கம்பி உயரமாக நின்றால் கழுத்தின் கோணம் போய்விட்டது என்று அர்த்தம். இந்தக் கிட்டார்களில் கழுத்து பெரும்பாலும் ஒட்டியே இருக்கும், போல்ட் கிடையாது. கழற்றி ஒட்டுவதற்கு ஆகும் செலவு நடுத்தர விலைக் கிட்டாரின் மதிப்பையே தாண்டிவிடும். அப்படிப்பட்ட கிட்டாரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

அடுத்து, பலகையைப் பக்கவாட்டில் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். பிரிட்ஜுக்குக் கீழே பள்ளம் விழுந்திருந்தால் உள்ளே பிரேஸ் (பலகையைத் தாங்கும் மரப்பட்டை) விட்டிருக்கலாம். விரல் கணுவால் பலகையை அங்கங்கே மெல்லத் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் ‘கிர்’ரென்று வந்தால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. பழைய கிரெட்ச் வாங்குபவர்கள் ஓரத்தில் ஓடும் பைண்டிங்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். அந்தக் கால செல்லுலாய்டு காலப்போக்கில் சுருங்கி, நொறுங்கி உதிரும். முழுவதும் மாற்றுவது பெரிய வேலை.

பிறகு உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். மூன்றே கால் அங்குலத்துக்கு மேல் தடிமன் உள்ள உடல் வலது தோளைத் தூக்கிப் பிடிக்கும். அரைமணி நேரம் வைத்திருந்தால்தான் அது உங்கள் தோளுக்கு ஒத்துவருமா என்பது தெரியும். முழு ஆர்ச்டாப்பில் கழுத்து 14ஆம் ஃப்ரெட்டில் உடலோடு சேரும். 335இல் மேல் ஃப்ரெட்டுகளுக்கு எளிதாகக் கை போகும்.

கம்பி

இங்கேதான் அதிகமானவர்கள் சறுக்குகிறார்கள். சாலிட் பாடியில் பழகிய 9-42 செட்டை (முதல், ஆறாவது கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) இதில் மாட்டினால் கிட்டாரே செத்துப்போகும். ஆர்ச்டாப்களில் பிரிட்ஜ் பலகையில் ஒட்டப்படாமல் மிதக்கிறது. கம்பியின் அழுத்தம் மட்டுமே அதைப் பிடித்து வைத்திருக்கிறது. மெல்லிய கம்பிக்கு இழுவிசை குறைவு, கீழ்நோக்கிய அழுத்தமும் குறைவு. அதனால் பலகை சரியாக அசையாது, பிரிட்ஜ் நகரும், சேடில்கள் (பிரிட்ஜில் கம்பி அமரும் துண்டுகள்) கிணுகிணுக்கும். மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிட்டாருக்கு 11-49 தான் கீழ்வரம்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஜாஸுக்கு 12-52 ஃப்ளாட்வூண்ட், அதாவது தட்டையான நாடா சுற்றிய கம்பி. டி’அடாரியோ க்ரோம்ஸ், தோமாஸ்டிக் ஜாஸ் ஸ்விங் இரண்டும் எளிதில் பழகிவிடும். கிரெட்ச், பிக்ஸ்பி, கணீரென்ற ட்வாங் ஒலி என்றால், உருண்டைக் கம்பி சுற்றிய நிக்கல் ரவுண்ட்வூண்ட், 11இல் தொடங்கும் செட்.

மூன்றாவது கம்பி, அதாவது ஜி, சுற்றப்பட்டதா சாதாரணக் கம்பியா என்பது பிரிட்ஜைப் பொறுத்தது. ஒரே துண்டு மரத்தில் படிப்படியாக வெட்டிய சேடில் பழைய வழக்கப்படி சுற்றிய ஜிக்காகவே அளந்து வெட்டப்பட்டிருக்கும். அதில் சாதாரண ஜி போட்டால் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி ஏறிக்கொண்டே போகும். பிரிட்ஜை எங்கே நகர்த்தினாலும் தீராது. உலோக ட்யூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ் என்றால் சேடிலைத் தனித்தனியே நகர்த்திச் சமாளிக்கலாம். சுற்றிய ஜி போட்டபின் இரண்டாவது கம்பி மட்டும் துருத்திக்கொண்டு கேட்டால், ஹம்பக்கரில் அந்தக் கம்பிக்கு நேரான திருகை அரைச் சுற்று அரைச் சுற்றாக இறக்குங்கள்.

கம்பி மாற்றும்போது ஒருபோதும் ஆறையும் சேர்த்துக் கழற்றாதீர்கள். பிரிட்ஜ் விழும், கம்பிகளின் வால்முனையைப் பிடிக்கும் டெயில்பீஸ் சரிந்து பலகையைக் கீறும். ஒன்றைக் கழற்றி, புதிதை மாட்டி, ட்யூன் செய்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஃப்ரெட் துடைக்கவோ வேறு வேலைக்கோ எல்லாவற்றையும் கழற்றியே ஆக வேண்டுமென்றால், முதலில் பிரிட்ஜ் பாதத்தின் நான்கு மூலைகளையும் பெயின்டர் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். டெயில்பீஸுக்கு அடியில் மடித்த துணி வையுங்கள்.

பிரிட்ஜ்

மிதக்கும் பிரிட்ஜை அமைக்க ஒரு வரிசை உண்டு. வரிசை மாறினால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்ய வேண்டிவரும். புதுக் கம்பி மாட்டி, ட்யூன் செய்து, முதலில் கழுத்தின் வளைவைப் பாருங்கள். ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலைச் சேரும் ஃப்ரெட்டிலும் அழுத்தினால் ஏழாவது ஃப்ரெட்டின் மேல் 0.2 முதல் 0.25 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைத் திருத்தும் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம். அடுத்து ஆக்‌ஷன். 12ஆம் ஃப்ரெட்டில் ஆறாவது கம்பிக்கு 2 மி.மீ., முதல் கம்பிக்கு 1.6 மி.மீ. நல்ல தொடக்கம். தடித்த ஃப்ளாட்வூண்டில் தாள வாத்தியம் போல அடித்து வாசிப்பவர்கள் இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளலாம். சக்கரத்தை உயர்த்தும்போது கம்பியைத் தளர்த்திவிட்டுத் திருப்புங்கள். முழு இழுவிசையில் திருப்பினால் மரை தேயும், பாதமும் பக்கவாட்டில் விரியப் பார்க்கும்.

இதற்குப் பிறகுதான் பிரிட்ஜ் எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வி. நட்டிலிருந்து (கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) 12ஆம் ஃப்ரெட் வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். முதல் கம்பியின் சேடில் அந்த அளவுக்கு 2 மி.மீ. அளவு பின்னால், ஆறாவது கம்பியுடையது 4 முதல் 5 மி.மீ. பின்னால் வருமாறு பிரிட்ஜைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். பிறகு ட்யூனரில் முதல் கம்பியின் 12ஆம் ஃப்ரெட் ஹார்மானிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அதே ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறினால் பிரிட்ஜை வால் பக்கம் தள்ள வேண்டும்; இறங்கினால் கழுத்துப் பக்கம். ஆறாவதற்கும் அப்படியே. இந்த இரண்டும் சரியானால் நடுவிலுள்ளவை பெரும்பாலும் தாமாக அமையும். ட்யூன்-ஓ-மேட்டிக் என்றால் சேடில்கள் எல்லாம் அவற்றின் ஓட்டத்தின் நடுவில் இருக்கும்போதே பிரிட்ஜின் இடத்தைத் தீர்மானியுங்கள். நுணுக்கத்துக்கு மட்டும் சேடில் திருகு.

பாதம் பலகையின் வளைவோடு முழுதாகப் படிய வேண்டும். பிரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் வைத்து முன்னாலிருந்து பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் அங்கே ஒலியும் கசிகிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் மலிவு, நடுத்தரக் கிட்டார்களில் இந்தக் குறை மிகச் சாதாரணம். பிரிட்ஜ் நிற்கும் இடத்தில் 120 நம்பர் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே தெரியும்படி வைத்து, ஓரங்களை டேப்பால் ஒட்டி, பாதத்தை அதன் மேல் கம்பி ஓடும் திசையில் சிறு சிறு நகர்வுகளாகத் தேய்க்க வேண்டும். அழுத்தம் இரண்டு பாதங்களின் மேலே இருக்கட்டும். நடுவில் அழுத்தினால் பாதம் வளைந்து, தேய்த்த வளைவு பொய்யாகிவிடும். கடைசியில் 220 தாள். இந்த ஒரு வேலை முடிந்தபின் ஆம்ப் இல்லாமலே கிட்டாரின் சத்தம் தெளிவதைக் கேட்கலாம். வேறெந்தப் பொருளை வாங்கி மாட்டுவதைவிடவும் பலன் அதிகம், செலவு இரண்டு உப்புத்தாள்.

நன்றாகப் படிந்த பிறகும் பிரிட்ஜ் நகர்ந்தால், பாதத்துக்கு அடியில் வயலின் ரோசின் பொடியை லேசாகத் தடவலாம், அல்லது மிக மெல்லிய இருபக்க டேப்பை இரண்டு சிறு துண்டுகளாக ஒட்டலாம். பலகையில் துளையிட்டு ஆணியில் நிறுத்துவதும் உண்டு. கிரெட்ச் தனது புதிய மாடல்கள் சிலவற்றை அப்படியே விற்கிறது. பிக்ஸ்பியை ஓயாமல் ஆட்டுபவர்களுக்கு அது சரி. நீங்களாகத் துளையிடுவதாக இருந்தால், உங்களுக்கான கம்பி செட் எது என்று முடிவாகி, அதில் இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேர்வது) சரியாக நின்ற பிறகு மட்டும் செய்யுங்கள். துளையை நகர்த்த முடியாது.

ஊளை

ஃபீட்பேக்கில் இரண்டு வகை. மேல் ஸ்தாயியில் கீச்சென்று வருவது பெரும்பாலும் பிக்கப்பின் குற்றம். சுருள் தளர்ந்து, மெழுகு போதாமல் தானே அதிர்வது. அடியிலிருந்து ‘ஊம்’ என்று கிளம்பி ஒரே ஸ்வரத்தில் பெருகுவதுதான் ஹாலோ பாடியின் சொந்தச் சொத்து. உடலுக்குள் இருக்கும் காற்று எஃப் துளைகள் வழியே உள்ளும் புறமுமாக அசைய ஓர் இயல்பான வேகம் உண்டு. பெரிய ஆர்ச்டாப்களில் அது நூறு ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். ஆறாவது கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டிலிருந்து எட்டாம் ஃப்ரெட்டுக்குள் ஏதோ ஓரிடம். அந்த ஸ்வரத்தை வாசித்தால் ஆம்ப் இல்லாமலே மற்றவற்றைவிடப் பருத்துக் கேட்கும். அதற்கு மேலே பலகையின் சொந்த அதிர்வும் இருக்கிறது.

முதலில் உங்கள் கிட்டாரின் ஸ்வரம் எது என்று கண்டுபிடியுங்கள். மேடையில் நிற்கும் இடத்தில் நின்று, கம்பிகளைத் தொடாமல் வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். ஊளை கிளம்பும்போது ட்யூனர் காட்டும் ஸ்வரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜி என்றால் 98 ஹெர்ட்ஸ், ஜி ஷார்ப் 104, ஏ 110, ஏ ஷார்ப் 117, பி 123, சி 131. அந்த இடத்தில் மட்டும், வேண்டிய ஹெர்ட்ஸைத் தேர்ந்து கூட்டவோ குறைக்கவோ உதவும் பாராமெட்ரிக் ஈக்யூவில் குறுகலாக 4 முதல் 6 டெசிபல் வெட்டுங்கள். அக்குஸ்டிக் கிட்டாருக்கான ப்ரீஆம்ப் பெடல்களில் இருக்கும் நாட்ச் குமிழும் இதையே செய்யும். ஆம்பின் பேஸ் குமிழை அப்படியே குறைப்பவர்கள், ஒரு ஸ்வரத்துக்காக மொத்த அடித்தளத்தையும் இழக்கிறார்கள். குறுகலான வெட்டில் அந்த இழப்பு காதுக்குத் தெரியாது.

நிற்கும் இடமும் முக்கியம். 110 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் சுமார் 3.1 மீட்டர். ஆம்பிலிருந்து வரும் அலை கம்பியின் அசைவோடு ஒத்துப்போகும் இடத்தில் ஊளை வளரும். அதிலிருந்து ஒன்றரை மீட்டர் விலகினால் அதே அலை எதிர்த்து நிற்கும். ஓர் அடி எடுத்து வைத்தாலே வித்தியாசம் தெரியும். மேடை ஒத்திகையில் ஊளையிடாத இடத்தைக் கண்டுபிடித்துத் தரையில் டேப் ஒட்டிக்கொள்ளலாம். ஆம்பைப் பலகைத் தளத்திலிருந்து தூக்கி நாற்காலி மேல் வையுங்கள். எஃப் துளைகள் ஸ்பீக்கரைப் பார்க்காதபடி நில்லுங்கள். வாசிக்காத கம்பிகளில் எப்போதும் ஏதாவது ஒரு விரலோ உள்ளங்கையோ படிந்திருக்கட்டும். இது ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் துளையை அடைக்கலாம். காகிதத்தில் எஃப் வடிவத்தை வரைந்து, யோகா பாய் போன்ற 10 மி.மீ. ஃபோமில் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் பெரிதாக வெட்டிச் செருகுங்கள். முதலில் தடித்த கம்பிப் பக்கத் துளை மட்டும். அதுவே போதும் என்றால் மற்றதைத் தொட வேண்டாம். ஓர் எச்சரிக்கை: கிப்சன் போன்றவற்றில் வரும் நைட்ரோ பூச்சு ரப்பரோடும் வினைலோடும் வினைபுரிந்து இளகிவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் அடைப்பை எடுத்துவிடுங்கள். கிட்டார் ஸ்டாண்டின் ரப்பர் கைகளுக்கும் இதே கதைதான், பருத்தித் துணி சுற்றுங்கள்.

உடலுக்குள் பஞ்சோ துணியோ முழுக்க அடைப்பது கடைசி வழி. ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் தன் 335 வகைக் கிட்டார்களில் துணி அடைத்தே வாசித்தார். 1980இல் கிப்சன் அவர் பெயரில் செய்த லூசில் மாடலில் எஃப் துளையே இல்லை. கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸுக்காக கிரெட்ச் செய்த கன்ட்ரி ஜென்டில்மேனில் துளைகள் வெறும் தோற்றத்துக்குத்தான், பலகை மூடியே இருந்தது. மறுகோடியில் ராக் கலைஞர் டெட் நியூஜென்ட், கிப்சனின் ஹாலோ பாடியான பேர்ட்லேண்ட் கிட்டாரின் ஊளையையே தன் வாசிப்பின் பகுதியாக்கிக்கொண்டார். சத்தமான பேண்டும் டிஸ்டார்ஷனும்தான் உங்கள் வாழ்க்கை என்றால், இத்தனை அடைப்புகளோடு ஒரு முழு ஹாலோவை இழுத்துக்கொண்டு திரிவதைவிட, 335 வகையையே வாங்குவது நல்லது. அடைத்த ஹாலோ, சுமாரான செமி ஹாலோவாகத்தான் ஒலிக்கும்.

பிக்ஸ்பி

பிக்ஸ்பி இருந்தால் கம்பி மாற்றுவது தனிக் கலை. கம்பியின் குண்டுமுனை உருளைத் தண்டில் உள்ள சிறு ஆணியில் மாட்ட வேண்டும், தளர்ந்தால் உடனே நழுவும். மாட்டுவதற்கு முன் குண்டுமுனையிலிருந்து ஒரு அங்குலத்தைப் பென்சிலில் சுற்றி வளைத்துக்கொள்ளுங்கள். ஆணியில் மாட்டியதும் தண்டுக்கும் பலகைக்கும் இடையே ஒரு ஸ்பாஞ்ச் துண்டைச் செருகினால் முனை நகராது. கழுத்தில் கேப்போ மாட்டிக் கம்பியைப் பிடிக்க வைத்தால் இரண்டு கையும் ட்யூனருக்குக் கிடைக்கும். கைப்பிடிக்கு அடியிலுள்ள ஸ்பிரிங் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. எல்லாக் கம்பியும் தளர்ந்தால் வாஷரோடு சேர்ந்து தெறித்து ஓடும்.

ட்யூனிங் நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் பிக்ஸ்பியின் மேல் பழி போடுகிறார்கள். குற்றவாளி வழக்கமாக நட்தான். கைப்பிடியை அழுத்திவிட்டபின் ஒரு கம்பி மட்டும் ஏற்றமாக நின்றால், அந்தக் கம்பியின் நட் பள்ளம் இறுக்கமாக இருக்கிறது. மென்மையான பென்சில் முனையைத் தேய்த்து கிராஃபைட் நிரப்புங்கள். போதாவிட்டால் அளவான நட் அரத்தால் ஒரு துளி அகலப்படுத்த வேண்டும். அடுத்து பிரிட்ஜ். ஒவ்வொரு முறை ட்யூன் செய்யும்போதும் கம்பி அதைத் தலைப் பக்கம் இழுத்துச் சாய்க்கும். பக்கவாட்டில் பார்த்து, பலகைக்கு நேராக நிற்கிறதா என்று உறுதி செய்து, இரண்டு கையாலும் நிமிர்த்துங்கள். இந்தக் கருவி ஸ்வரத்தை லேசாக நடுங்க வைக்கச் செய்தது. அரை ஸ்வரத்துக்குள் ஆட்டினால் பல ஆண்டுகள் தொல்லை தராது.

கிணுகிணுப்பும் வயரும்

ஒரே ஒரு ஸ்வரத்தில் மட்டும் எங்கோ ஏதோ கிர்ரென்றால், அந்த ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தபடி யாரையாவது ஒவ்வொரு பாகமாக விரலால் அழுத்தச் சொல்லுங்கள். பிக்கார்டைத் தாங்கும் கம்பி, பிக்கப் ஸ்பிரிங், சேடில் திருகு, ட்யூனர் நட்டு, குமிழுக்கு அடியிலுள்ள வாஷர் என்று போனால் பத்து நிமிடத்தில் அகப்படும். பிரிட்ஜுக்கும் டெயில்பீஸுக்கும் இடைப்பட்ட கம்பிப் பகுதியும் தானாக ஒலிக்கும். ஒரு பட்டைத் தோலையோ ஃபெல்ட் துணியையோ கம்பிகளுக்கு மேலும் கீழுமாகப் பின்னிவிட்டால் அடங்கும். சிலருக்கு அந்த மெல்லிய மணியோசை பிடிக்கும், அப்படியே விடலாம். எங்கே தொட்டும் நிற்காத கிர் என்றால் உள்ளே வயர் பலகையில் மோதுகிறது. எஃப் துளை வழியே வயர்களை ஃபோம் துண்டில் பொதிந்து கட்ட வேண்டும்.

வயரிங் வேலைதான் இந்தக் கிட்டார்களில் பொறுமையைச் சோதிப்பது. பின்னால் திறக்க மூடி கிடையாது. எல்லாம் எஃப் துளை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். எனவே ஜாக் நட்டு தளர்ந்தால் அன்றைக்கே இறுக்குங்கள். தளர்ந்த ஜாக்கில் கேபிளைச் செருகித் திருகினால் உள்ளே வயர் முறுக்கி அறும், அல்லது ஜாக் உள்ளே விழுந்துவிடும். பாட் (குமிழுக்கு அடியில் சுழலும் மின்தடை) மாற்ற வேண்டியிருந்தால், நட்டைக் கழற்றும் முன் மீன்தொட்டிக்குப் போடும் காற்றுக் குழாயை ஒரு முழம் வெட்டி, பாட்டின் தண்டில் இறுக்கிச் செருகுங்கள். பிறகு நட்டைக் கழற்றி, பாட்டை உள்ளே தள்ளி, எஃப் துளை வழியே வெளியே எடுங்கள். குழாயின் மறுமுனை தன் துளையிலேயே நிற்கட்டும். வேலை முடிந்ததும் அந்தக் குழாயை இழுத்தால் பாட் தன் இடத்துக்குத் தானே வந்து சேரும். ஜாக்குக்குள் குழாய் நுழையாது. நீளமான நூலில் குச்சியைக் கட்டி அதன் வழியே இழுக்க வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் வேறு நிற டேப் சுற்றிக்கொண்டால் வால்யூமும் டோனும் இடம் மாறாது.

பி-90 போன்ற ஒற்றைச் சுருள் பிக்கப் என்றால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகல் இருந்தே தீரும். சாலிட் பாடியில் குழிக்குள் செப்புத் தாள் ஒட்டி மறைப்பது போல இங்கே செய்ய வழியில்லை. ஷீல்டு வயர் மட்டுமே காவல். கம்பியைத் தொட்டதும் முனகல் குறைய வேண்டும். குறையாவிட்டால் டெயில்பீஸுக்குப் போகும் எர்த் வயர் விட்டுப்போயிருக்கிறது. டெயில்பீஸைக் கழற்றி, அதன் அடியில் அந்த வயர் உலோகத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டதும் முனகல் கூடினாலோ கையில் சுருக்கென்றாலோ குறை கிட்டாரில் இல்லாமல் இருக்கலாம். அறையின் மூன்று பின் சாக்கெட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதிக்கும் வரை வாசிக்காதீர்கள்.

வெயிலும் ஈரமும்

ப்ளைவுட் உடல் தட்பவெப்பத்துக்கு அதிகம் அசையாது. செதுக்கிய திடப் பலகை அசையும். ஈரப்பதம் ஏறினால் பலகை உப்பி பிரிட்ஜைத் தூக்கும், ஆக்‌ஷன் உயரும். வறண்டால் இறங்கிக் கம்பி ஃப்ரெட்டில் உரசும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் மழைக்காலத்துக்கு ஒரு தரம், கோடைக்கு ஒரு தரம் திருகுச் சக்கரத்தைக் கால் சுற்று அங்கும் இங்கும் திருப்பவேண்டி வரலாம். மிதக்கும் பிரிட்ஜின் பெரிய வசதி இது. வெடிப்பு விழுவது வறட்சியில்தான். இரவும் பகலும் ஏசி ஓடும் அறைச் சுவரில் திடப் பலகைக் கிட்டாரைத் தொங்கவிடுவது ஆபத்து. கேஸுக்குள் வைத்து, 45 முதல் 55 சதவீதம் காட்டும்படி ஒரு சிறிய ஹைக்ரோமீட்டரோடு பூட்டுங்கள். கடற்காற்றில் கம்பி துருவேறுவது வேகம், வாசித்து முடித்ததும் கம்பியின் அடிப்பக்கத்தையும் துடையுங்கள்.

வெளியூர் கொண்டுபோகும்போது கேஸ் உடலின் தடிமனுக்குச் சரியாக இருக்க வேண்டும். மூடி பிரிட்ஜில் அழுத்தினால் பலகையில் பள்ளம் விழும். கேஸை மூடும் முன் பிரிட்ஜின் மேல் ஒரு துண்டுக் களிமண்ணையோ மாவு உருண்டையையோ பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்து மூடித் திறந்து பாருங்கள். நசுங்கினால் அந்தக் கேஸ் வேண்டாம். கம்பிகளை ஒரு ஸ்வரம் அளவு இறக்கினால் போதும். முழுக்கத் தளர்த்தினால் வண்டி குலுக்கலில் பிரிட்ஜ் உருண்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் இன்டொனேஷனை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.